மேட்டைப் பார்த்து நின்றால் எடுக்காத வண்டி

மார்கழிக் கடைசியில் ஒரு நாள், காலை ஐந்தரை மணிக்குப் போன் அடித்தது. பேசியவர் நத்தக்காடையூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர். தேங்காய்க் களம் வைத்திருக்கிறார், வயது அறுபத்தைந்தைத் தாண்டும். காங்கயத்தில் இருக்கும் என் கார் பட்டறைக்கு அதுவரை வந்ததில்லை. யாரிடமோ நம்பர் வாங்கியிருக்கிறார்.

"ஏனுங்க தம்பி, நம்ம காருங்க, காத்தால எடுக்கவே மாட்டேங்குதுங்க. பேட்டரி புதுசுங்க, ஹீட்டர் பிளக்கு நாலும் புதுசுங்க. இப்ப இன்ஜெக்டர் போயிருச்சு, நாலையும் கழட்டோணும்ங்கறாங்க. செலவு பண்ணலாமுங்க, பண்ணுன பொறவும் எடுக்கலீன்னா?"

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் எனக்குத் தூக்கம் கலைந்தது. பேட்டரி மாற்றியாயிற்று, பிளக் மாற்றியாயிற்று, அடுத்தது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர். கைக்கு எட்டிய வரிசையில் பாகங்களை மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒருவரும் எதையும் அளந்து பார்த்த மாதிரித் தெரியவில்லை.

"அண்ணா, போனை அப்படியே பானெட் மேல வெச்சுட்டு ஒரு தடவை செல்ஃப் அடிங்க. எடுக்காட்டிப் பத்து எண்றதுக்குள்ள விட்டுருங்க. அப்படியே யாரையாச்சும் பின்னால நின்னு சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்க."

செல்ஃப் நன்றாகச் சுற்றியது. இழுவை இல்லை, முனகல் இல்லை, ரிலே 'டக் டக்' என்று தட்டிவிட்டு நிற்கிற சத்தமும் இல்லை. முதல் நொடியில் இருந்த வேகம் எட்டாவது நொடியிலும் குறையவில்லை. ஒன்பதாவதில் ஒரு இருமல், அப்புறம் இன்னொன்று, அதன்பின் எடுத்துக்கொண்டது. அரை நிமிடம் நொண்டிவிட்டுத் திருப்பூர் ஓவர்லாக் மெஷின் மாதிரி சீராக ஓடியது.

"பின்னால புகை வந்துச்சுங்களா?"

ஒரு சின்னப் பெண்ணின் குரல் தூரத்தில் கேட்டது: "எடுக்கற வரைக்கும் ஒண்ணும் வல்லீங் தாத்தா."

படுக்கையை விட்டு எழாமலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. 'வண்டி எடுக்கவில்லை' என்று எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள், ஆனால் அதற்குள் மூன்று தனித்தனி நோய்கள் இருக்கின்றன. செல்ஃபே மெதுவாகச் சுற்றினால் அது பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார் சம்பந்தப்பட்டது. நன்றாகச் சுற்றியும் எடுக்காவிட்டால் டீசலோ, சிக்னலோ, காற்றோ எங்கோ தடைப்படுகிறது. எடுத்து இரண்டு நொடியில் அணைந்தால் முதல் சந்தேகம் இம்மொபிலைசர் மேல், அதாவது சாவியை அடையாளம் பார்க்கிற திருட்டுத் தடுப்பின் மேல். இவருடையது இரண்டாம் ரகம். ஆகவே புதுப் பேட்டரிக்குக் கொடுத்த பணம் மூல நோய்க்குப் போகவில்லை. பழைய பேட்டரி இறங்கியதென்னவோ உண்மையாகத்தான் இருக்கும். தினமும் ஒன்பது நொடி, பத்து நொடியென்று இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடித்துவிட்டு, களத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டினால் எந்தப் பேட்டரிதான் தாங்கும்? அது வியாதியால் வந்த சோர்வு. அதையே வியாதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

குளிரில் சிலிண்டரைச் சூடாக்கித் தருகிற ஹீட்டர் பிளக்கையும் அந்தச் சின்னப் பெண்ணின் ஒரு வரியே கழித்துவிட்டது. பிளக் சூடாகாமல் வண்டி திணறுகிறது என்றால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, பற்றவில்லை என்று அர்த்தம். அப்போது செல்ஃப் அடிக்கிற நேரம் முழுக்கச் சைலன்சரில் வெள்ளைப் புகை தள்ளும். புகையே இல்லையென்றால் டீசல் உள்ளே போகவே இல்லை. தவிர, நம் ஊர் மார்கழி விடியலில் என்ன குளிர் அடித்துவிடும்? 18, 20 டிகிரி இருக்கும். இந்தக் கால டீசல் இன்ஜின் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு இறுக்குகிறது. அந்த இறுக்கத்தில் காற்றுக்கு வருகிற சூடே டீசல் பற்றப் போதும். ஊட்டியில் ஜனவரி மாதம் என்றால் ஹீட்டர் பிளக்கைப் பற்றிப் பேசலாம். காங்கயத்தில் அது ஐந்தாவது ஆறாவது சந்தேகமாகத்தான் வரவேண்டும். ஆனால் குறை கார்த்திகையில் ஆரம்பித்ததால் எல்லோரும் பனியின் மேல் பழியைப் போட்டுவிட்டார்கள்.

"நாளைக்கு நான் வர்றேனுங்க. நான் வர்ற வரைக்கும் வண்டியைத் தொட வேண்டாம்" என்றேன். காலையில் எடுக்காத வண்டியை மத்தியானம் பட்டறைக்கு ஓட்டி வந்தால் அது நல்ல பிள்ளையாய் ஒரே அடியில் எடுக்கும். குறை வருகிற நேரத்துக்கு நாம்தான் போகவேண்டும்.

மறுநாள் ஆறு மணிக்குப் போய் நின்றேன். சாளைக்கு முன்னால் வாசல் சரிவாக இறங்கிக் கட்டுத்தரை வரைக்கும் போகிறது. வண்டி சரிவைப் பார்த்து, முகம் கீழே இருக்கும்படி நின்றிருந்தது. சாவியைத் திருப்பினேன். ஒரே நொடி, எடுத்துக்கொண்டது.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் சிரித்தார். "இன்னைக்கு எடுத்துக்கும்னு எனக்கே தெரியுமுங்க. நீங்க வர்றீங்கன்னு நேத்துப் பொழுதோட மொகத்தைக் கீழ வெச்சு நிறுத்திட்டேன். வர்ற மனுசன் முன்னாடி மானம் போகக்கூடாது பாருங்க."

அதென்ன முகத்தைக் கீழே வைப்பது? கேட்டேன். வண்டி எடுக்காத காலைகளில் பண்ணையத்து ஆட்கள் இரண்டு பேரை வைத்துத் தள்ளிவிட வேண்டியிருந்திருக்கிறது. மேட்டைப் பார்த்து நின்றால் தள்ள முடியாது என்று சரிவைப் பார்த்து நிறுத்த ஆரம்பித்தார். "அதுல பாருங்க அதிசயம், கீழ பார்த்து நின்னா தள்ளவே வேண்டியதில்லீங். தானா எடுத்துக்குது. ஆனா மழை வந்தா அந்தப் பக்கம் சேறாயிரும், அதனால எப்பவும் அப்படி நிறுத்தறதில்லீங்."

இரண்டு மாதமாக இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கேட்கக் கேட்க இன்னும் இரண்டு விஷயம் வந்தது. டேங்க் நிரப்பிய முதல் இரண்டு மூன்று நாள் வண்டி ஒழுங்காக எடுக்குமாம். அதனால் 'அந்த பங்க் டீசல் நல்ல டீசல்' என்று முடிவு கட்டி, ஊரைச் சுற்றிக்கொண்டு அங்கேயே போய்ப் போட்டிருக்கிறார். வெள்ளகோவில் பங்கில் எப்போதும் ஐநூறு ரூபாய்க்குத்தான் போடுவார், அப்போதெல்லாம் தகராறு. நல்ல டீசல், கெட்ட டீசல் என்பதெல்லாம் இல்லை, ஒன்று டேங்க் நிறைய, மற்றது கால் டேங்க். இன்னொன்று, தீபாவளிக்கு முந்தின வாரம் வேறொரு பட்டறையில் ஜெனரல் சர்வீஸ் விட்டிருக்கிறார். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர். குறை தலைகாட்டியது அதற்கு மூன்று வாரம் கழித்து. அன்றைக்கே வந்திருந்தால் யாராவது முடிச்சுப் போட்டுப் பார்த்திருப்பார்கள். மெல்ல மெல்ல வந்ததால் தொடர்பு தெரியவில்லை.

எனக்கு அப்போதே சந்தேகம் விழுந்துவிட்டது. அவருக்கும் அது புரியவேண்டும் என்பதற்காகக் கிணற்றைக் காட்டினேன்.

"அண்ணா, அந்தக் காலத்துல கெணத்துல மோட்டார் போட்டீங்களே, புட்வால்வு விட்டுப்போச்சுன்னா என்னாகும்?"

"என்னாகும், ராத்திரியோட சக்சன் பைப்புல நிக்கற தண்ணியெல்லாம் கெணத்துக்கே எறங்கிரும். காத்தால தண்ணி ஊத்தி எடுக்கோணும்."

"உங்க காருக்கும் அதேதான்னு நெனைக்கறேனுங்க."

இது உவமைக்காகச் சொன்னதில்லை, வேலை செய்கிற விதமே அதுதான். இந்த வண்டி 2013 மாடல், நாலு சிலிண்டர் காமன் ரெயில் டீசல், 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. சில வண்டிகளில் டேங்குக்குள்ளேயே ஒரு எலக்ட்ரிக் பம்ப் இருந்து டீசலை முன்னால் தள்ளும். இதில் அது கிடையாது. இன்ஜினில் இருக்கிற பம்ப்தான் பின்சீட்டுக்கு அடியில் இருக்கிற டேங்கிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். டேங்க் கிணறு, இன்ஜின் பம்ப் மோட்டார், நடுவில் ஓடுகிற குழாயும் டீசல் ஃபில்டரும் சக்சன் பைப். ஃபில்டர் இன்ஜின் அறையில் உயரமான இடத்தில் இருக்கிறது, டேங்க் தாழ்வாக இருக்கிறது. வழியில் எங்காவது ஊசிமுனை அளவு காற்று நுழைய இடமிருந்தால், வண்டி நிற்கும்போது டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கும். வண்டி மேட்டைப் பார்த்து நின்றால் டேங்க் இன்னும் தாழும், இறக்கம் வேகமாக நடக்கும். சரிவைப் பார்த்து நின்றால் டேங்க் மேலே ஏறிவிடும், டீசல் இறங்க வழியில்லை. டேங்க் நிறைந்திருந்தால் கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கிற கணக்கு. ஃபில்டருக்கும் டீசல் மட்டத்துக்கும் உயர வித்தியாசம் குறைவு, பாதிப்பும் குறைவு. பெரியவர் சொன்ன மூன்று விஷயமும் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன.

கதை நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் பொருந்துகிற கதையை நம்பி ஸ்பேனரை எடுப்பவனும் கைக்கு வந்த பாகத்தை மாற்றுகிறவனும் ஏறக்குறைய ஒன்றுதான். அன்று மாலையே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

முதல் ராத்திரி சமதளத்தில் நிறுத்தினோம். காலையில் சாவி போடும் முன் பேட்டரி 12.5 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 10.4. இறக்கம் நியாயமானதுதான். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரில் தவறுக் குறியீடு ஒன்றும் பதிவாகவில்லை. குறியீடு இல்லை என்றதும் பட்டறைப் பையன் முகம் வாடிப் போனது. ஸ்கேனரைச் சிவன்மலை ஆண்டவர் உத்தரவுப் பெட்டி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள் பையன்கள். பக்தர் கனவில் வந்த பொருளை அந்தக் கோயில் பெட்டியில் வைத்திருந்தாலும் அதற்கு அர்த்தம் சொல்வது மனிதர்கள்தானே. குறியீட்டைவிட எனக்கு வேண்டியது ஓடிக்கொண்டிருக்கிற எண்கள்.

காமன் ரெயில் இன்ஜினில் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக ஒரு குழாய் இருக்கிறது, அதுதான் ரெயில். பம்ப் அதில் டீசலை அழுத்தி நிரப்பவேண்டும். இந்த மாதிரி இன்ஜின்களில் அழுத்தம் ஏறக்குறைய 200 பாரைத் தொடும்வரை கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. நம் வீட்டு கார் டயரில் இருப்பது இரண்டே சொச்சம் பார் என்பதை வைத்துப் பாருங்கள். ஓட்டத்தில் அது ஆயிரத்தைத் தாண்டிப் போகும். அதனால்தான் பழைய லாரிக்காரர்கள் செய்த மாதிரி இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கிற வேலையை இந்த வண்டியில் யாரும் செய்யக்கூடாது. அந்த அழுத்தத்தில் தெறிக்கிற டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியில் சின்னப் புள்ளிதான் தெரியும், விரலை எடுக்கிற நிலைமைக்குக் கொண்டுபோய் விடும்.

செல்ஃப் அடித்தோம். சுற்றும் வேகம் நிமிடத்துக்கு 240. போதும். ரெயில் அழுத்தம் 20, 35, 40, 60 என்று நொண்டிக்கொண்டு ஏறி, நாலாவது நொடியில் திடீரென்று எகிறி 200-ஐத் தாண்டியது, வண்டியும் எடுத்தது. சூடானபின் அணைத்துவிட்டு அடித்தால் ஒரு நொடிக்குள் 250. ஆகவே பம்புக்கு அழுத்தத் தெரிகிறது. அழுத்துவதற்குச் சரக்குதான் வந்து சேரவில்லை.

இந்த இடத்தில் நானே ஒரு தப்பான சந்தில் நுழையப் பார்த்தேன். அழுத்தம் மெதுவாக ஏறுவதற்கு இன்னொரு பிரபலமான காரணம் உண்டு. இன்ஜெக்டர் தேய்ந்திருந்தால் வருகிற டீசலில் பாதியை ரிட்டன் குழாய் வழியாகத் திருப்பி விட்டுவிடும், அழுத்தம் நிற்காது. முந்தின பட்டறைக்காரர் சொன்னதும் அதுவாகத்தான் இருக்கவேண்டும், அவரைக் குறை சொல்லவும் முடியாது. நாலு இன்ஜெக்டர் ரிட்டனிலும் நாலு சின்னப் புட்டியை மாட்டி ஓடவிட்டோம். மூன்றில் ஒரே அளவு, இரண்டாவதில் மட்டும் ஒரு விரல் அகலம் கூடுதல். பையன், "அண்ணா, சிக்கிருச்சு" என்றான். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பியிருந்தால் பெரியவருக்குப் பெரிய தொகை பில் ஆகியிருக்கும். குறை அப்படியே இருந்திருக்கும்.

தடுத்தது ஒரே விஷயம்தான். இன்ஜெக்டர் ஒழுக்கு சூட்டில் அதிகமாகவேண்டும். டீசல் சூடாகும்போது நீர்த்துப்போகும், இடுக்கில் இன்னும் சுலபமாக வழியும். இன்ஜெக்டர் தேய்ந்த வண்டி காலையில் எப்படியோ எடுத்துவிட்டு, மதியம் சூட்டோடு அணைத்து அடித்தால்தான் மக்கர் பண்ணும். இது தலைகீழ். சூட்டில் வெண்ணெய், குளிரில் கல். இரண்டாவது இன்ஜெக்டருக்கு வயதாகிறது, அவ்வளவுதான். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டேன்.

'எப்போது' என்று கேட்பதற்கு நான் ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறேன் என்றால், சிக்கலான வேலைகளில் பாதி அந்தக் கேள்வியிலேயே முடிந்திருக்கிறது. பல்லடம் பைபாஸில் ஒரு வண்டி, ஒரு மணி நேரம் ஓடி டீக்கடையில் நின்றால் எடுக்காது, இருபது நிமிடம் ஆறினால் எடுக்கும். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் இன்ஜின் வேகம் பூஜ்யம் என்று காட்டியது. இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சார் சூட்டில் செத்து, ஆறியதும் உயிர் பெறுகிறது. ஈரத்துணியை அதன்மேல் வைத்ததும் எடுத்தது, காட்சி முடிந்தது. பெட்ரோல் வண்டி ஒன்று, காலையில் மட்டும் மூன்று அடிக்கு எடுக்கும். சாவியை ஆன் பொசிஷனில் இரண்டு மூன்று நொடி வைத்து, அணைத்து, மறுபடி ஆன் செய்து, அப்புறம் அடித்தால் ஒரே அடி. டேங்குக்குள் இருக்கும் பம்ப் ராத்திரியில் அழுத்தத்தைப் பிடித்து வைக்கவில்லை என்பதை அந்தச் சாவியே சொல்லிவிட்டது.

சரி, நம் வண்டிக்கு வருவோம். எங்கள் பட்டறைத் தரை சமம், பெரியவர் வீட்டு வாசல் மேடு. குறையை முழுசாக வரவழைக்க மேடு வேண்டும். முன்சக்கரம் இரண்டையும் தென்னங்கட்டை மேல் ஏற்றி, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தூக்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலை அடித்தால், எண்ணிச் சொல்கிறேன், ஒன்பது நொடி. நான் போனில் கேட்ட அதே இருமல். குறை நம் சொல்பேச்சுக்கு வர ஆரம்பித்துவிட்டால் அப்புறம் தேடுவது சுகம்.

உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒரு சாண் வெட்டி, டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வருகிற வழியில் கோத்தோம். இன்னொரு சாண் ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகிற வழியில். பிரைமர் என்கிற சின்னக் கை பம்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு வண்டியை ஓடவிட்டால், முதல் டியூபில் டீசல் கண்ணாடி மாதிரி போகிறது. இரண்டாவதில், கோலி சோடாவில் வருகிற மாதிரி, பொடிப்பொடிக் குமிழிகள். நின்று போகவில்லை, வந்துகொண்டே இருந்தன. டேங்கும் அங்கிருந்து வருகிற குழாயும் நிரபராதி. காற்று ஃபில்டரில்தான் நுழைகிறது.

ஃபில்டரில் எங்கே? மேல் மூடி, இரண்டு குழாய் இணைப்பு, பிரைமர், டீசலில் தண்ணீர் சேர்ந்தால் காட்டிக்கொடுக்க அடியில் திருகியிருக்கும் தண்ணீர் சென்சார் என்று ஐந்து இடம். வெளியில் ஈரம் இல்லை. இது சக்சன் பக்கத்து ஓட்டையின் குணம். ஓடும்போது உள்ளே இழுக்குமே தவிர, வெளியே விடாது. தரையில் ஒரு சொட்டும் விழாததால்தான் இரண்டு மாதம் யார் கண்ணிலும் படவில்லை. அதனால் வழியைத் திருப்பிவிட்டோம். ஒரு லிட்டர் பாட்டிலில் டீசல் ஊற்றி, பானெட் கொக்கியில் தொங்கவிட்டு, ஃபில்டரின் உள்வழியில் மாட்டினோம். வெளிவழியை அடைத்துவிட்டோம். இப்போது ஃபில்டருக்குள் மேலிருந்து அழுத்தம். ஓட்டை இருந்தால் கசிந்துதான் தீரவேண்டும்.

ஃபில்டரைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, எதையாவது பொடியைத் தூவிப் பார்க்கலாம் என்றேன். சாக்பீஸ் கிடைக்கவில்லை. பையன் சாமி படத்துக்கு முன்னால் இருந்த திருநீற்றுத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினான். முதலில் முறைத்தேன், அப்புறம் இரண்டு விரலால் எடுத்து ஊதினேன். ஃபில்டர் முழுக்க வெள்ளை. பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. டீ குடித்துவிட்டு வந்து டார்ச் அடித்தால், அடியில் சென்சாரின் கழுத்தைச் சுற்றி, நகக்கீறல் மாதிரி ஒரு கறுப்புக் கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பிறையாகி, அடுத்த கால் மணியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது.

சென்சாரைக் கையால் திருகிக் கழற்றினேன். அதன் கழுத்தில் ஒரு ஓ-ரிங், கசிவை அடைக்கிற ரப்பர் வளையம். விரலால் உருட்டிப் பார்த்தால் வட்டமாக உருளவில்லை. ஒரு பக்கம் தட்டையாகிச் சதுரமாய்ப் போயிருந்தது. நகத்தால் அழுத்தினால் குழி விழவில்லை, ரப்பர் என்பதே மறந்துபோய் வளையல் மாதிரி கெட்டியாகியிருந்தது. தீபாவளிச் சர்வீஸில் ஃபில்டரை மாற்றியவர், பழைய ஃபில்டரிலிருந்து சென்சாரைக் கழற்றிப் புதுசில் மாட்டியிருக்கிறார். ரிங்கை மாற்றவில்லை. புது ஃபில்டர் டப்பாவுக்குள் இந்தச் சின்ன ரிங்கும் பெரும்பாலும் சேர்ந்தே வரும், அட்டையோடு குப்பைக்குப் போயிருக்கும். பழைய இடத்தில் வருஷக்கணக்காகப் பதிந்து உட்கார்ந்திருந்த ரப்பரை எடுத்துப் புது இடத்தில் வைத்தால் முதல் சில நாள் ஒட்டிக்கொண்டிருக்கும், பிறகு சூடும் ஆட்டமும் சேர்ந்து விட்டுவிடும். மூன்று வாரக் கணக்கு எனக்கு அப்படித்தான் விளங்குகிறது. அந்த மெக்கானிக்கைத் திட்டுவார் என்று பெரியவரிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். ஏனென்றால் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நானும் இதையே செய்து, இதே மாதிரி ஒரு வண்டியை மூன்றாம் தடவை திருப்பி வாங்கியிருக்கிறேன்.

புது ரிங்கில் டீசல் தடவி, கையாலேயே இறுக்கினோம். பிளாஸ்டிக் திருகு, ஸ்பேனர் போட்டால் அடுத்த வியாதி. பிளாஸ்டிக் டியூப் அப்படியே இருக்க, பிரைமரை அது கல்லாகும்வரை அமுக்கினோம். குமிழி இல்லை. அன்றிரவு மறுபடி தென்னங்கட்டை. காலையில் ஒரு நொடி, ரெயில் அழுத்தம் நேராக 240. இன்னொரு ராத்திரியும் வைத்திருந்தேன், அதிலும் அதுவே. அதற்குப் பிறகுதான் டியூபைக் கழற்றிப் பழைய இணைப்பைப் போட்டோம்.

பெரியவர் வாங்க வந்தபோது பழைய ரிங்கைக் கையில் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்காங் தம்பி ரெண்டு மாசம்?"

"இதுக்குத்தானுங்க."

"பேட்டரிக்காரன் சித்த நேரம் நின்னு கேட்டிருந்தா, நானே சொல்லியிருப்பனே புட்வால்வுன்னு."

ரிங்குக்கு ஆனது சில்லறை. மற்றதெல்லாம் நாலு ராத்திரிக்கும் தேடியதற்குமான கூலி. அதை பில்லில் தனியாகவே எழுதினேன். பாகத்தின் விலைக்குள் கூலியை ஒளித்து எழுதுகிற பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு, எனக்கு அது பிடிப்பதில்லை. அவர் முகம் சுளிக்கவில்லை. இரண்டாவது இன்ஜெக்டரைப் பற்றியும் சொன்னேன்: இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், சூட்டில் எடுக்க நேரமானால் மட்டும் வாருங்கள். அப்புறம் ஒன்று: எடுக்கவில்லை என்றால் யாராவது ஏர் ஃபில்டரில் பெட்ரோல் துணி வைக்கலாம், ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கலாம் என்று யோசனை சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள், ஹீட்டர் பிளக் சூட்டில் அது சிலிண்டருக்குள் நேரத்துக்கு முன்பே வெடித்து இன்ஜினைக் கெடுத்துவிடும் என்றேன். செல்ஃபையும் பத்து நொடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்க வேண்டாம், நடுவில் அரை நிமிடமாவது ஆறவிடுங்கள் என்றேன். தலையாட்டினார். இதில் எத்தனை அவர் மனதில் நிற்கும் என்று தெரியவில்லை.

மறுநாள் ஐந்தரை மணிக்கு மறுபடி போன். எடுத்து "சொல்லுங்கண்ணா" என்றேன். பேச்சே இல்லை. சாவி திரும்பும் சத்தம், செல்ஃப் ஒரு சுற்று, இன்ஜின் ஓட்டம்.

"மேட்டைப் பார்த்துத்தானுங் நிறுத்தியிருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தை பிறக்கும்வரை தினமும் ஐந்தரைக்கு அந்தப் போன் வந்தது.